பழுதாகாத மெஷின்

கடைத்தெருவின் கோடியில், மருந்துக்கடைக்கும் பூட்டுக்கடைக்கும் இடையே, ஒற்றைக் கதவுடைய தையற்கடை ஒன்று இருந்தது. அதை நடத்தியவளை அத்தெருவினர் அனைவரும் 'அண்ணி' என்றே அழைத்தனர். அப்பெயர் அவளுக்கு வாய்த்ததற்கு அவளுடைய நாத்தனாரே காரணம். எதிர் மெஷினில் அமர்ந்துகொண்டு, "அண்ணி, கத்திரி எங்க?", "அண்ணி, வெள்ளை நூல் தீர்ந்துடுச்சு" என்று நாத்தனார் நாளெல்லாம் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, அளவு கொடுக்க வந்தவர்களும் தைத்ததை வாங்க வந்தவர்களும் தம்மை அறியாமலேயே அவளுடைய கணவனுக்கு உடன்பிறந்தவர்களாகிவிட்டனர்.

நாத்தனாருக்கு வீட்டில் இட்டு வழங்கிய பெயர் 'பொடிசு'. கடைக்குட்டியாய்ப் பிறந்தவளைச் செல்லமாக அழைத்த பெயர், அவள் நாற்பதை எட்டிப் பார்க்கும் வயதிலும், காதோரம் நரை எட்டிப் பார்த்த பின்னும், உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணி அவ்வீட்டுக்கு மருமகளாய் வந்தபோது பொடிசு இரட்டைச் சடை போட்ட பள்ளிச் சிறுமி. புதுப்பெண்ணின் மடியில் தலை வைத்துத் தூங்கியவள். ஊசியில் நூல் கோப்பதிலிருந்து சட்டைக்குக் கழுத்து வெட்டுவது வரை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அண்ணிதான். ஆதலால், பிற்பாடு நடந்தது இன்னொருத்திக்குச் செய்த தீங்காக அண்ணிக்குத் தோன்றவில்லை. தான் வளர்த்த கையைத் தானே முறித்ததாகவே தோன்றிற்று.

பொடிசுக்கு வரன் வராமல் இல்லை. முதலில் வந்தபோது தந்தையார் காலமானார். ஆண்டு கழியட்டும் என்றார்கள். அடுத்து வந்தபோது, கடை புதிதாய்த் தொடங்கிய நேரம், கை தேவைப்பட்டது. அதற்கடுத்து, மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. அதன் பிறகு வந்தவர்களிடம் என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. கடைசியில், கேட்பாரும் ஓய்ந்தனர், சொல்வாரும் ஓய்ந்தனர்.

காலையில் தாயைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்துவிட்டுத்தான் பொடிசு கடைக்கு வருவாள். வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஒரே பக்கமாய்க் கிடந்தால் முதுகில் புண் வந்துவிடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். அதனால் பிற்பகலில் ஒருமுறை ஓடிப்போய்த் தாயை மறுபக்கம் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு, ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்து, கடை அடைக்கும் வரை தைப்பாள். இத்தனைக்கும் நடுவே அவள் வாயில் ஏதேனும் ஒரு பாட்டு முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். அண்ணிக்குக் கடை இருந்தது. கணவனுக்குச் சரக்கு லாரி இருந்தது. இருவரும் கவலையின்றி வெளியே போய்வர வீட்டில் பொடிசு இருந்தாள்.

பொடிசின் மெஷின் கறுப்பு நிறத்தில், காலால் மிதிக்கும் பழைய மெஷின். அதற்கு மாதந்தவறாமல் ஏதாவது நோய் வரும். தையல் விடும், அல்லது அடிநூல் கொத்தாய்ச் சிக்கிக்கொள்ளும், அல்லது பெல்ட் நழுவும்.

"அண்ணி, மறுபடியும் மெஷின் மக்கர் பண்ணுது. அவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்களேன்" என்பாள் பொடிசு, முகத்தைத் துணியிலிருந்து நிமிர்த்தாமல்.

அவர் என்றால், மெஷின் பழுது பார்க்கும் மெக்கானிக். தங்கைகளைக் கரையேற்றி முடிப்பதற்குள் தமக்குத் தலை நரைத்துப்போன பிரமசாரி. திருகாணிகளைக் கழற்றிக் கழற்றி உதடுகளுக்கிடையில் வைத்துக்கொள்வது அவருடைய வழக்கமாதலால், எதைக் கேட்டாலும் "ம்" என்ற ஒற்றை எழுத்தே விடையாக வரும். தெருவில் அவருக்கு 'உம்முக்காரர்' என்றே பெயர்.

வழக்கமாய்ச் சீருடை தைக்கக் கொடுக்கும் பள்ளி ஆசிரியை ஒருத்தி, வாய்த்துடுக்குக்காரி. மெக்கானிக் மெஷினைக் கவிழ்த்துப் போட்டிருந்த ஒருநாள் கேட்டே விட்டாள்: "ஏன் அண்ணி, உங்க மெஷின் சரியாத்தான் ஓடுது. அந்த மெஷினுக்கு மட்டும் ஏன் அடிக்கடி காய்ச்சல் வருது? டாக்டர் கைராசி அப்படியோ?"

"பழைய மெஷின் டீச்சர்" என்றாள் பொடிசு. அவள் காது மடல் சிவந்ததை ஆசிரியையும் கண்டாள், அண்ணியும் கண்டாள். மெக்கானிக், வாயில் மூன்று திருகாணிகளுடன், "ம்" என்றார்.

காரணத்தை அண்ணி கண்டுகொண்டது தற்செயலாகத்தான். அளவு எடுக்கும் நாடாவை மறந்து வைத்துவிட்டு, பாதி வழியிலிருந்து கடைக்குத் திரும்பி வந்தவள், சாத்தியிருந்த கதவின் இடைவெளி வழியே உள்ளே பார்த்தாள். பொடிசு சிறிய திருப்புளியால் ஊசியின் திருகைத் தளர்த்தி, ஊசியை வெளியே எடுத்து, அதன் தட்டையான பக்கம் மாறி இருக்குமாறு திருப்பிச் செருகி, மறுபடியும் இறுக்கினாள். பிறகு கிழிசல் துணி ஒன்றில் ஓட்டிப் பார்த்தாள். தையல் விட்டு விட்டு விழுந்தது. பொடிசு திருப்தியுடன் தலையை ஆட்டிக்கொண்டு, ஒரு விரலால் மெஷினின் கழுத்தை, மன்னிப்புக் கேட்பது போல, மெல்லத் தடவிக் கொடுத்தாள்.

ஊசி பக்கம் மாறி நின்றால் எந்த மெஷினும் சரியாகத் தைக்காது. தையல் பழகும் எவரும் முதல் வாரத்தில் கற்கும் பாடம் அது. இருபது ஆண்டு தைத்த கை அதைத் தவறிச் செய்யுமா? அண்ணி சத்தமின்றி விலகி, தெருமுனைவரை போய், வாய்பொத்திச் சிரித்தாள். 'அடி கள்ளி!' என்று எண்ணிக்கொண்டாள். அன்று மெக்கானிக் வந்தபோது, அவருக்குத் தேநீர் வாங்கிவரத் தானே வெளியே போய், வேண்டுமென்றே மெதுவாக நடந்து திரும்பினாள். அன்றைய அந்த அண்ணியை, பின்னாளில் அவளே பலமுறை பொறாமையுடன் நினைத்துக்கொண்டாள்.

மழைக்காலம் முடிந்த ஒரு நாள், பழுது பார்த்து முடித்துவிட்டுப் பையை மூடிய மெக்கானிக், உடனே புறப்படாமல் கதவருகே நின்றார். பொடிசு தாயைத் திருப்பிப் படுக்க வைக்க வீட்டுக்குப் போயிருந்த நேரம். வாயில் மறந்து வைத்திருந்த திருகாணி ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அண்ணி, அடுத்த தடவை வரும்போது ஒரு விஷயம் பேசணும். உங்ககிட்ட, அப்புறம் அண்ணன்கிட்ட."

"என்ன விஷயம்?" என்றாள் அண்ணி, தெரிந்துகொண்டே.

"மெஷின் விஷயம் இல்ல" என்றார் அவர். அவ்வளவு நீளமாகப் பேசியதே அவருக்கு வியர்வையை வரவழைத்துவிட்டது.

அண்ணி மகிழ்ந்தாள், அதில் பொய்யில்லை. அந்த மகிழ்ச்சி கடையைப் பூட்டும் வரை இருந்தது. வீட்டுப் படியேறும் வரையும்கூட இருந்தது. உள்ளே பொடிசு, தாயின் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்து, இடுப்பால் முட்டுக்கொடுத்து, அந்தக் கனத்த உடலை ஒரே மூச்சில் புரட்டிக்கொண்டிருந்தாள். நனைந்த விரிப்பை உருவி, புதியதை விரித்து, தாயின் தலைமுடியை ஒதுக்கி, பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவன், வாயில் கவளத்தோடு சொன்னான்: "இவ மட்டும் இல்லன்னா நம்ம வீடு என்ன ஆகியிருக்கும், நெனச்சுப் பாத்தியா?"

போகிற போக்கில் சொன்ன சொல்தான் அது. ஆனால் அண்ணி நினைத்துப் பார்த்தாள். விடியலில் விரிப்பு மாற்றுவது யார்? ஊட்டுவது யார்? பிற்பகலில் ஓடி வருவது யார்? கணவன் மாதத்தில் பாதி நாள் நெடுஞ்சாலையில். எஞ்சுவது ஒருத்திதான். எனில் கடை? பள்ளிகளின் சீருடை வேலையைப் பிடிக்க அவள் நடந்த நடை என்ன, கெஞ்சிய கெஞ்சல் என்ன! 'இந்த வருஷம் போகட்டும். கடை கொஞ்சம் நிலைக்கட்டும். அப்புறம் நானே முன்னின்று முடித்து வைக்கிறேன்' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பொடிசுக்கு வந்த வரன்களெல்லாம் இதே சமாதானத்தால்தான் திரும்பிப் போயின என்பது அவள் நினைவுக்கு வந்தது. வந்ததும், அதை ஓரமாய் ஒதுக்கி வைத்தாள்.

மெக்கானிக் சொன்னதைக் கணவனிடம் அவள் சொல்லவில்லை.

சில நாட்கள் சென்றன. ஒரு பிற்பகல், "அண்ணி, தையல் விடுது. போன் பண்ணிடுங்க. நான் அம்மாவைத் திருப்பிப் படுக்க வச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் பொடிசு ஓடினாள். அண்ணி போனை எடுத்தாள். கீழே வைத்தாள். எழுந்து போய் எதிர் மெஷினின் முன் உட்கார்ந்து, திருகைத் தளர்த்தி, ஊசியைத் திருப்பிச் சரியாகச் செருகி இறுக்கினாள். இமை கொட்டும் நேரத்து வேலை. கிழிசல் துணியில் ஓட்டிப் பார்த்தாள். தையல் முத்துக் கோத்தாற்போல் விழுந்தது.

பொடிசு திரும்பி வந்தாள். முகம் கழுவி, தலை வாரி, நீல நிற மேலுடைக்கு மாறியிருந்தாள். அவள் கண் முதலில் வாசலைப் பார்த்தது. பிறகு மெஷினைப் பார்த்தது.

"சரி பண்ணிட்டேன்டி. ஊசி திரும்பியிருந்தது, வேறொண்ணுமில்ல" என்றாள் அண்ணி, துணியை வெட்டியவாறே.

"நீங்களா? அவருக்குப் போன் பண்ணலையா…"

இத்துடன் அண்ணி வாயை மூடியிருக்கலாம். மூடியிருந்தால், இது ஒரு சிறு கள்ளத்தனமாகவே முடிந்திருக்கும். ஆனால் பொடிசு அடுத்த வாரமே வேறொரு திருகைத் தளர்த்துவாள் என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே, கத்திரியை நிறுத்தாமல், குரலை மாற்றாமல், அந்த வாக்கியத்தைச் சொன்னாள்:

"பண்ணினேன். 'இந்த மாதிரி சின்ன விஷயத்துக்கெல்லாம் இனிமே என்னைக் கூப்பிடாதீங்க அண்ணி, நீங்களே பாத்துக்குங்க'ன்னாரு. அவருக்கும் நாலு இடம் வேலை இருக்கில்ல?"

பொடிசு "அப்படியா" என்றாள். மெஷினில் உட்கார்ந்தாள். கையில் கத்திரி இருக்கும்போதே நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

அன்று முதல் அந்த மெஷின் பழுதாகவே இல்லை.

தையல் விடவில்லை; நூல் சிக்கவில்லை; பெல்ட் நழுவவில்லை. கறுப்பு மெஷின் காலையிலிருந்து மாலைவரை ஒரே சீராய், ஒரே ஒலியாய் ஓடிற்று. கடைக்காரி எவளும் காது குளிரக் கேட்கும் ஒலி அது. அண்ணிக்கோ, தலைக்குள் ஊசி இறங்கி ஏறுவது போலிருந்தது. சில வேளைகளில், 'ஒரேயொருமுறை நின்று தொலையேன்' என்று அதை மனத்துக்குள் கெஞ்சினாள். அது நிற்கவில்லை. பொடிசு எண்ணெய் விட்டு, தூசு தட்டி, அதைப் பிள்ளையைப்போல் பேணினாள். இனித் தன்னால் அவருக்குத் தொந்தரவு வந்துவிடக் கூடாது என்பதுபோல் அது இருந்தது.

இடையில் ஒருநாள் மெக்கானிக்கே கடை வாசலில் வந்து நின்றார். சலவை செய்த சட்டை அணிந்திருந்தார். பொடிசு வீட்டுக்குப் போயிருந்த நேரம் அது.

"ரொம்ப நாளா கூப்பிடலையே. மெஷின் எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா ஓடுது. ஒரு குறையும் இல்ல" என்றாள் அண்ணி.

"கோளாறே வரலையா?"

"வரல. அவளே சுத்தமா வச்சிக்கிறா. வேற ஆளைப் பார்க்க வேண்டிய அவசியமே வரல."

அவர் சற்று நேரம் எதிர் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றார். பேச வேண்டும் என்று அன்று சொன்ன விஷயத்தை அவர் எடுக்கவில்லை. பழுதே வரவில்லை என்ற செய்தியைத் தமக்குச் சொல்லியனுப்பப்பட்ட பதிலாகவே அவர் எடுத்துக்கொண்டார் என்பதை அண்ணி அவர் முகத்திலேயே படித்தாள். "ம்" என்றார். வாயில் திருகாணி எதுவும் இல்லாமலே "ம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அண்ணியின் நெஞ்சு குறுகுறுப்பதோடு நிற்கவில்லை. பொடிசுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்தாள். நல்ல துணி வந்தால் அவளுக்கென எடுத்து வைத்தாள். "எதுக்கு அண்ணி இதெல்லாம்?" என்று பொடிசு கேட்கும்போது அவள் கண்ணைப் பார்க்க மாட்டாள்.

மாமியார் ஒருநாள் மருமகளைக் கட்டிலருகே அழைத்தாள். உடல் விழுந்தாலும் வாய் விழாதவள்.

"ஏம்மா, கடையில ஏதாவது சண்டையா?"

"இல்லையே அத்தை. ஏன்?"

"என்னைத் திருப்பும்போது எதாவது பாடிட்டே திருப்புவா. இப்ப பாடறதில்ல. மூட்டையைத் திருப்புற மாதிரி திருப்புறா. வலிக்கல, ஆனா என்னமோ மாதிரி இருக்கு."

"களைப்பா இருக்கும் அத்தை" என்று சொல்லி அண்ணி அவ்விடம் விட்டு நகர்ந்தாள்.

ஆசிரியைதான் அச்செய்தியைக் கொண்டு வந்தாள். ஒரு மாலை, சீருடைகளுக்கு அளவுச் சட்டை கொடுக்க வந்தவள், நாற்காலியில் சாய்ந்தவாறு சொன்னாள்: "உங்க டாக்டர் ஊரை விட்டே போறாராமே! தெரியுமா? ஏதோ பெரிய தையல் ஃபேக்டரியாம், அத்தனை மெஷினுக்கும் அவர்தான் பொறுப்பாம். இந்த மாசத்தோட கிளம்பறாராம். இனிமே காய்ச்சல் வந்தா வேற டாக்டரைத்தான் பாக்கணும்."

"அப்படியா, நல்லதுதானே" என்றாள் அண்ணி. அவள் குரல் அவளுக்கே அயலாகக் கேட்டது.

எதிர் மெஷினின் ஒலி நிற்கவில்லை, தடுமாறவும் இல்லை. பொடிசு தலை நிமிராமல் தைத்துக்கொண்டே இருந்தாள். கடை அடைக்கும்போது, அவள் தைத்து அடுக்கியிருந்த சட்டைகளை அண்ணி மடித்து வைக்க எடுத்தாள். முதல் சட்டையின் பைக்குள் விரலை விட்டாள், விரல் போகவில்லை. மூன்று பக்கம் தைக்க வேண்டிய பையை நான்கு பக்கமும் தைத்து மூடியிருந்தாள். அடுத்த சட்டையிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே. ஒரு பையாவது வாய் திறந்திருக்கவில்லை. தையல் மட்டும் நூல் பிசகாமல் நேராக இருந்தது.

அண்ணி அவற்றைப் பொடிசுக்குத் தெரியாமல் ஒரு துணிப்பையில் திணித்து வீட்டுக்கு எடுத்து வந்தாள். சமையலறையில் உட்கார்ந்து, தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரிக்கப் பிரிக்க அவள் கண்ணில் நீர் வழிந்தது. 'போய் உண்மையைச் சொல்லடி' என்றது மனம். எழுந்து பொடிசு படுக்கும் அறைவரை போனாள். "என்ன அண்ணி?" என்று பொடிசு கேட்டாள். "ஒண்ணுமில்ல, விளக்கை அணைச்சிட்டியான்னு பாத்தேன்" என்று சொல்லித் திரும்பினாள். பொய் சொல்லும்போது தடங்கலின்றிப் புறப்பட்ட வாய், மெய் சொல்லவேண்டிய இடத்தில் பூட்டிக்கொண்டது.

வாயால் முடியாததைக் கையால் செய்வது என்று மறுநாள் காலை முடிவு செய்தாள். பொடிசு வருவதற்கு வெகு முன்பே கடையைத் திறந்தாள். ஊசியைத் திருப்பி வைத்தால் பொடிசே சரி செய்துகொண்டு பேசாமல் இருந்துவிடுவாள். மெக்கானிக்கைத் தவிர வேறெவராலும் தீர்க்க முடியாத கோளாறாக இருக்க வேண்டும். மெஷினின் அடிப்பலகையை நகர்த்தி, நூலைக் கொக்கி போட்டு இழுக்கும் ஷட்டிலின் கூர்மூக்கில் பெரிய திருப்புளியை வைத்து நெம்பினாள். அது எளிதில் மசியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் நெம்பினாள். 'டிக்' என்றொரு சத்தம். மூக்கின் முனை தெறித்து எங்கோ விழுந்தது. இருபது ஆண்டு சோறு போட்ட மெஷின் அது.

பிறகு போன் செய்தாள். "கொஞ்சம் வர முடியுமா? பொடிசு மெஷின் நின்னு போச்சு. நீங்க வந்தாத்தான் ஆகும்."

மறுமுனையிலிருந்து வந்த பதில்: "ம்."

மெக்கானிக் வந்தபோது பிற்பகலாகிவிட்டது; பொடிசும் கடையில் இருந்தாள். ஓடாத மெஷினின் முன் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தவள், அவரைக் கண்டதும் எழுந்து சுவரோடு ஒதுங்கினாள். அவரும் அவளைப் பார்க்கவில்லை. மெஷினைக் கவிழ்த்தார். திருகாணிகள் ஒவ்வொன்றாய் உதட்டுக்குப் போயின. ஷட்டிலை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதன் மீதிருந்த கீறலை நகத்தால் தடவினார். பிறகு, திருகாணிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துப் பலகையில் வைத்தார்.

"இது தானா ஒடைஞ்சதில்ல" என்றார். "யாரோ திருப்புளி வச்சு நெம்பியிருக்காங்க."

"நான் இல்ல!" என்றாள் பொடிசு.

சொல் வேகமாக வெளியே வந்துவிட்டது. வந்த பிறகுதான், அதன் உள்ளே என்ன இருந்தது என்பது அவளுக்கு உறைத்தது. முகம் வெளிறியது. இருந்தாலும், இனி மறைக்க என்ன இருக்கிறது என்பதுபோல், தலையைக் குனிந்துகொண்டு தொடர்ந்தாள்: "முன்னாடி வந்ததெல்லாம் நான்தான். இது மட்டும் நான் இல்ல. சத்தியமா."

"தெரியும்" என்றார் மெக்கானிக்.

"எது தெரியும்?"

"ரெண்டும் தெரியும். ஊசி தானா திரும்பிக்காதுங்க. நான் எத்தனை வருஷமா இந்தத் தொழில் பண்றேன்?" அவர் உடைந்த ஷட்டிலைப் பார்த்தவாறே பேசினார். "உங்க கை எந்தக் காலத்துலயும் மெஷினை நோகடிச்சதில்ல. இது வேற கை."

இருவரும் ஒரே நேரத்தில் அண்ணியைப் பார்த்தனர்.

அண்ணி வெட்டுப்பலகையின் விளிம்பைப் பற்றிக்கொண்டிருந்தாள். "நான்தான்" என்றாள். "உன்னால சரி பண்ண முடியாத மாதிரி ஒடைக்கணும்னு ஒடைச்சேன். அவர் வரணும்னு."

"நீங்க எதுக்கு அண்ணி…" என்று தொடங்கிய பொடிசு பாதியில் நின்றாள். அவள் நெற்றி சுருங்கிற்று. மெதுவாக மெக்கானிக்கின் பக்கம் திரும்பி, முதன்முறையாக அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்துக் கேட்டாள்: "சின்ன விஷயத்துக்கெல்லாம் இனிமே கூப்பிட வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நானா?" என்றார் அவர். "எப்போ?"

பூட்டுக்கடையில் சாவி அராவும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணிக்குத் தெரிந்துவிட்டது: இப்போது வாயைத் திறக்காவிட்டால் இனி எப்போதும் திறக்க முடியாது.

"அவர் அப்படிச் சொல்லல. நான் சொன்னது பொய்" என்றாள். "உன்னைப் பத்திப் பேசணும்னுதான் அவர் சொன்னாரு. அண்ணன்கிட்ட பேசணும்னாரு. நீ போயிட்டா அத்தையை யார் பாத்துப்பா, கடையை யார் பாத்துப்பான்னு நெனச்சேன். அதனால ஊசியை நானே சரியாத் திருப்பி வச்சிட்டு, பொய்யையும் சொன்னேன். அப்புறம் அவரு ஒருநாள் வாசல்ல வந்து நின்னாரு. அப்பவும் ஒண்ணும் சொல்லாம அனுப்பிட்டேன்."

அடி விழும் என்று எதிர்பார்த்து நிற்பவளைப்போல் நின்றாள். ஏசினால் நன்றாயிருக்கும் என்றிருந்தது. பொடிசு ஏசவில்லை. சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கிற நேரம் ஆச்சு" என்றாள். "நீங்க போங்க அண்ணி."

"நானா?"

"நீங்கதான். வலது தோளைப் பிடிச்சு இழுக்காதீங்க, அது செத்த பக்கம், சுளுக்கிக்கும். முதுகுக்குக் கீழ கையைக் கொடுங்க. உங்க இடுப்பைக் கட்டில் மேல முட்டுக் கொடுங்க, இல்லன்னா நாளைக்கு உங்களைத் திருப்ப ஆள் தேட வேண்டியிருக்கும்." அதைச் சொன்னபோது அவள் குரலில் கேலி இல்லை, பழக்கத்தால் வந்த சொல் அது. "விரிப்பு அலமாரியில மேல் தட்டுல இருக்கு."

எத்தனை காலமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், விரிப்பு எந்தத் தட்டில் இருக்கிறது என்பதைக்கூட இவள் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எண்ணியவாறு அண்ணி படியிறங்கினாள்.

வீட்டில் மாமியாரை ஒரே மூச்சில் புரட்ட அவளால் இயலவில்லை. முதல் முயற்சியில் கை வழுக்கிற்று. இரண்டாவதில் கிழவி "அம்மாடி!" என்று அலறினாள். மூன்றாவதில், வியர்வை வழிய, முதுகெலும்பு முறிந்ததோ என்று ஐயுறும்படி, ஒருவாறாக மறுபக்கம் படுக்க வைத்தாள். விரிப்பு சுருங்கிக் கோணலாய்க் கிடந்தது. அதைச் சரிசெய்ய மறுபடியும் அவளைத் தூக்க வேண்டியிருந்தது.

"அவ எங்க?" என்றாள் மாமியார், மூச்சு வாங்கியபடி.

"கடையில இருக்கா அத்தை. அந்த மெக்கானிக்கோட பேசிட்டிருக்கா. கல்யாண விஷயமா." சொல்லிவிட்டு, ஒளிக்க ஒன்றும் வேண்டாம் என்று, தான் செய்ததையும் சொன்னாள்.

மாமியார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். முகம் தெரியவில்லை. சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "கடைசியா ஒரு வரன் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? பள்ளிக்கூடத்துல வேலை பாக்குற பையன். அவங்க அம்மா வந்து இந்தக் கட்டில்லதான் உக்காந்து கேட்டா. பொண்ணுக்கு இஷ்டமில்லன்னு நான்தான் சொல்லி அனுப்பிச்சேன். அவகிட்ட கேக்கவே இல்ல. நீ ஊசியைத் திருப்பினே. நான் ஆளையே திருப்பி அனுப்பிச்சேன்." பிறகு, "அதை அவகிட்ட சொல்லிடாத" என்றாள்.

"நீங்களே சொல்லுங்க அத்தை" என்றாள் அண்ணி.

மாலையில் பொடிசு வீடு திரும்பினாள். கைக்குட்டையில் முடிந்திருந்த உடைந்த ஷட்டிலை மேசை மீது வைத்தாள். அழுத கண், ஆனால் முகம் தெளிந்திருந்தது.

"புது ஷட்டில் கெடைக்க நாலஞ்சு நாள் ஆகுமாம். அதுவரைக்கும் மெஷின் ஓடாது" என்றாள், பொதுவாக. பிறகு, "ஞாயித்துக்கிழமை அண்ணன் வந்ததும் வரேன்னாரு. ஃபேக்டரிக்கு ஒத்துக்கிட்டாராம், போய்த்தான் ஆகணும். நானும் போறேன்."

"சந்தோஷம்டி" என்றாள் அண்ணி. அவள் கையைப் பற்றத் தன் கையை நீட்டினாள்.

பொடிசு கையைக் கொடுக்கவில்லை; விலக்கவும் இல்லை. அந்த நீட்டிய கையைச் சற்று நேரம் பார்த்தாள். திருப்புளி பட்டு அதில் ஒரு சிராய்ப்பு இருந்தது.

"உங்க மேல எனக்கு இன்னும் கோவம் தீரல அண்ணி" என்றாள். "தீர்ந்தா சொல்றேன்."

சொல்லிவிட்டுத் தாயின் அறைக்குள் போனாள். விரிப்பின் கோணலைப் பார்த்தாள். வழக்கமாக உடனே குனிந்து சரிசெய்துவிடும் கை, அன்று சரிசெய்யவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள்.

மாமியார் கழுத்தைச் சற்றே திருப்பி, அறை வாசற்படியில் நின்ற மருமகளைப் பார்த்தாள். தோள் இன்னும் வலித்துக்கொண்டிருந்தது போலும். குரலில் பயம் தெரிந்தது.

"நாளைக்கும் நீதானா?"

"நாளைக்கும் நான்தான் அத்தை" என்றாள் அண்ணி. உள்ளே வந்து, விரிப்பின் நுனியைப் பிடித்து இழுத்துச் சரிசெய்யலானாள்.